உலோகம் கலத்துக்குள் நுழையும் வழி: யாழ்ப்பாணத்துக் கிணறும் பட்டறையும் புகையிலையும்

கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு அறிக்கையை வாங்கி வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "கன உலோகம் இருக்கோ?" சுன்னாகம் மின் நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் கழிவெண்ணெய் மிதக்கத் தொடங்கிய காலத்திலிருந்து வலிகாமத்தில் இந்தக் கேள்வி அடங்கவேயில்லை. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று 2019 ஏப்ரலில் தீர்ப்பும் வந்துவிட்டது. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத குடாநாடு இது. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடும். குடிக்க, குளிக்க, தோட்டத்துக்கு இறைக்க எல்லாவற்றுக்கும் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கிக் கிடக்கும் மழைத்தண்ணீர்தான். அந்தக் கல்லில் வெடிப்பும் பொந்தும் அதிகம். நிலத்தில் ஊற்றியது சரியாக வடிபடாமலே கீழே போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே பயம் நியாயமானது.

ஆனால் அந்தக் கேள்வி போதாது. "மொத்தக் குரோமியம், லீற்றருக்கு 20 மைக்கிரோகிராம்" என்று அறிக்கை சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை 50. பரவாயில்லை என்று அறிக்கையை மடித்து அலுமாரியில் வைத்துவிடுவோம். அந்த 20 மைக்கிரோகிராமும் மூவலுக் குரோமியமா (மூன்று இலத்திரன் இழந்தது), அறுவலுக் குரோமியமா (ஆறு இழந்தது) என்பதை அந்த வரி சொல்வதில்லை. முதலாவது மனிதக் கலத்துக்குள் நுழையவே தடுமாறும். இரண்டாவது இலேசாக உள்ளே போய் டி.என்.ஏயைக் கெடுக்கும். உலோகம் ஒன்று, கலத்துக்கு அது செய்வது முற்றிலும் வேறு. ஒரு உலோகம் நமது பரம்பரைப் பொருளுக்குத் தீங்கு செய்யுமா என்பது அது எந்தச் சேர்வையாக இருக்கிறது, எந்த வழியால் உள்ளே போகிறது, உள்ளே போய் எதைப் பிடிக்கிறது என்பதில்தான் தங்கியிருக்கிறது. இதை விளங்கிக்கொள்ளாமல் கன உலோகம் என்று பொதுவாகப் பயப்படும்போது, பயப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறிடத்தில் பயந்துகொண்டிருப்போம்.

பரம்பரைப் பொருளுக்கு நேரும் கேடு பல விதம். டி.என்.ஏயின் ஒரு எழுத்து மாறலாம் (இதை விகாரம் என்பார்கள்). இழை அறுந்து, அந்த இழை சுருண்டு அமைந்த நிறமூர்த்தம் துண்டாகலாம். கலம் இரண்டாகப் பிரியும்போது முழு நிறமூர்த்தமே தவறான பக்கம் போய்விடலாம். இவை எதுவும் நடக்காமல், எழுத்தெல்லாம் சரியாக இருக்க, எந்தப் பரம்பரையலகு வேலை செய்ய வேண்டும் என்ற குறிப்பு மட்டும் குழம்பலாம். உலோகங்களுக்குள் இந்த ஒவ்வொன்றையும் செய்யக்கூடியவை உண்டு.

குரோமியத்தில் தொடங்குகிறேன், ஏனெனில் நுழைவு வழியின் முக்கியத்துவத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உலோகம் இல்லை. அறுவலுக் குரோமியம் தண்ணீரில் குரோமேற்று அயனாக இருக்கும்: நடுவில் ஒரு குரோமியம், சுற்றிலும் நான்கு ஒட்சிசன், இரண்டு மறை ஏற்றம். சல்பேற்று அயனுக்கும் இதே வடிவம், இதே ஏற்றம். கலத்துக்குச் சல்பேற்று தேவை. அதை உள்ளே எடுக்க மென்சவ்வில் புரதங்கள் இருக்கின்றன. அந்தப் புரதங்களால் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. மூவலுக் குரோமியத்துக்கு இப்படி ஒரு வாசல் கிடையாது. அது ஆறு மூலக்கூறுகளைத் தன்னைச் சுற்றி இறுகப் பிடித்துக்கொண்டு மென்சவ்வுக்கு வெளியேயே நின்றுவிடும்.

உள்ளே போன குரோமேற்று டி.என்.ஏயை நேரே தாக்குவதில்லை. கலம் அதைத் தாழ்த்துகிறது. விற்றமின் சி, குளுற்றதயோன், சிஸ்ரீன் ஆகியவை இலத்திரன்களைக் கொடுத்து ஆறாம் நிலையிலிருந்து ஐந்து, நான்கு என்று இறக்கி மூன்றுக்குக் கொண்டுவருகின்றன. கேடு இந்த இறக்கத்தில்தான் பிறக்கிறது. வெளியே நின்றால் உள்ளே வரமாட்டாத அதே மூவலுக் குரோமியம், உள்ளேயே பிறந்தபடியால் வெளியே போகவும் மாட்டாது. டி.என்.ஏயின் பொஸ்பேற்றுக் கூட்டங்களில் ஒட்டுகிறது. சில வேளை விற்றமின் சி மூலக்கூறையும் தன்னோடு சேர்த்து ஒட்டிவிடுகிறது. கலத்தின் திருத்தும் புரதங்கள் இந்த ஒட்டைக் கண்டு, எழுத்துப் பிழை என்று எண்ணி வெட்டுகின்றன. குரோமியம் போகாது. திரும்பவும் வெட்டுகின்றன. கடைசியில் இரண்டு இழையும் அறுந்துபோகும்.

இதில் விற்றமின் சியின் பங்குதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. இரைப்பையிலும் குருதியிலும் நுரையீரலின் ஈரப் படலத்திலும் அது குரோமேற்றைத் தாழ்த்தினால் நமக்குக் காவல், ஏனெனில் அங்கேயே அது கலத்துக்குள் போகமாட்டாத உருவுக்கு மாறிவிடும். அதே தாழ்த்தலைக் கலத்துக்குள் செய்தால் கேடு. மனித இழையங்களில் விற்றமின் சி ஏறக்குறைய 1 மில்லிமோலர் அளவில் இருக்கிறது. ஆய்வுகூடத்தில் கிண்ணத்தில் வளர்க்கும் மனிதக் கலங்களிலோ அது கிட்டத்தட்ட இல்லை. வளர்ப்பு ஊடகத்தில் அதை வழக்கமாகச் சேர்ப்பதில்லை. அந்தக் கலங்களில் செய்த பழைய சோதனைகள் பலவும் குரோமேற்றின் வலிமையைக் குறைத்தே காட்டின. விற்றமின் சியைத் திரும்ப நிரப்பிச் சோதித்தபோது அதே அளவு குரோமேற்று அதிக அறுப்புகளையும் அதிக விகாரங்களையும் உண்டாக்கியது. (இதை வாசித்துவிட்டு யாரும் தேசிக்காயையும் நெல்லிக்காயையும் ஒதுக்க வேண்டாம். உடலுக்கு விற்றமின் சி வேண்டும். குரோமேற்றுத்தான் வேண்டாதது.)

எழுத்துப் பிழை திருத்தும் புரதங்கள் இல்லாத கலங்கள் குரோமேற்றில் நன்றாகத் தப்பிப் பிழைக்கும் என்பது இன்னொரு கொடுமை. வெட்டுவதற்கு ஆளில்லாதபடியால் அவை சாவதில்லை. ஆனால் அப்படித் தப்பிய கலத்தில் பிழைகள் திருத்தப்படாமல் குவிந்துகொண்டே போகும். யப்பானில் குரோமேற்றுத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களின் நுரையீரற் கட்டிகளில் இந்தத் திருத்தும் முறை பழுதானதன் அடையாளங்களைக் கண்டிருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் அறுவலுக் குரோமியத்தை அதிகம் சந்திப்பவர்கள் யார் என்று கேட்டால், கிணற்றைக் காட்டுவதற்கு முன்னர் வெல்டிங் பட்டறையைக் காட்டுவேன். புதிதாகக் கட்டும் வீடுகளுக்கெல்லாம் இப்போது பளபளக்கும் துருவேறா உருக்கில் கேற்றும் மாடிப்படிக் கைப்பிடியும் போடுகிறார்கள். வெளிநாட்டுப் பணம் வரும் வீடுகளில் கேட்கவே வேண்டாம். துருவேறா உருக்கில் குரோமியம் குறைந்தது நூற்றுக்குப் பத்துப் பங்காவது உண்டு. வழக்கமான வகைகளில் நிக்கலும் உண்டு. கேற்றாக நிற்கும்போது அந்தக் குரோமியம் ஒருவருக்கும் ஒன்றும் செய்யாது. மின்வில்லின் வெப்பத்தில் ஆவியாகி ஒட்சியேறும்போதுதான் புகையில் அறுவலுக் குரோமியம் உண்டாகிறது. பூச்சுப் பூசிய குச்சியால் ஒட்டும்போது இது மிக அதிகம், ஏனெனில் பூச்சில் உள்ள சோடியமும் பொற்றாசியமும் குரோமேற்றாக அதை நிலைநிறுத்திவிடும். ஆகன் வாயு வெல்டிங்கில் புகையே குறைவு. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2017 இல் வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதலாம் பிரிவில் சேர்த்தது. இந்தப் புகையின் துணிக்கைகள் ஒரு மைக்கிரோமீற்றரிலும் சிறியவை. மூக்கைச் சுற்றிக் கட்டிய சால்வைத் துணி அவற்றைப் பிடிக்காது. ஒடுங்கிய கடைக்குள் குனிந்து நின்று ஒட்டும் தம்பிமாருக்கு, புகை முகத்துக்கு வராதபடி பக்கவாட்டில் இழுக்கும் ஒரு காற்றாடியும் தரமான சுவாசக் கவசமும் கண்ணாடிக்கு நிகரான அவசியம். கண்ணைக் காக்கக் கண்ணாடி போட எல்லோரும் பழகிவிட்டார்கள். நுரையீரலுக்கு இன்னும் அந்தப் பழக்கம் வரவில்லை.

சீமெந்திலும் இதே கதை சிறிய அளவில் நடக்கிறது. 1950 இல் தொடங்கி 1990 இல் போரால் மூடப்பட்ட காங்கேசன்துறைத் தொழிற்சாலையைச் சொந்தக் கண்ணால் பார்த்தவர்களுக்குச் சூளையின் வெப்பம் தெரியும். சுண்ணாம்புக் கல்லோடும் களிமண்ணோடும் வரும் மூவலுக் குரோமியத்தில் ஒரு பகுதி, காரத்தன்மையான அந்தச் சூளையில் ஆறாம் நிலைக்கு ஏறிவிடும். மேசன்மாரின் கையில் ஆறாமல் இருக்கும் சீமெந்துச் சொறிக்கு இதுவே முக்கிய காரணம். சீமெந்துக்குள் பெரசு சல்பேற்றைச் சிறிது கலந்தால் அது மூன்றாம் நிலைக்கு இறங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் தண்ணீரில் கரையும் அறுவலுக் குரோமியத்தைச் சீமெந்தில் பத்து இலட்சத்தில் 2 பங்குக்குமேல் அனுமதிப்பதில்லை. பெரிய செலவில்லாத காரியம். இலங்கையில் விற்கும் ஒவ்வொரு பையிலும் இதை எதிர்பார்க்க நமக்கு உரிமை உண்டு.

குரோமேற்றைப் பற்றீரியாச் சோதனையே காட்டிக்கொடுத்துவிடும். புறூஸ் ஏம்ஸ் 1970களில் உருவாக்கிய அந்தச் சோதனையில், ஹிஸ்ரிடீனைத் தாமாகத் தயாரிக்க முடியாத சல்மொனெல்லாப் பற்றீரியாக்கள் விகாரமடைந்து மீண்டும் தயாரிக்கத் தொடங்குகின்றனவா என்று பார்ப்பார்கள். மலிவு, விரைவு. புதிய மருந்துகளையும் இரசாயனங்களையும் இன்றுவரை முதலில் இந்தச் சல்லடையில்தான் போடுகிறார்கள். ஆசனிக்கு, கட்மியம், நிக்கல் ஆகிய மூன்றையும் போட்டால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஆனால் மூன்றின் சேர்வைகளும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்பது ஐயமற நிறுவப்பட்டது. மூன்றும் முகவரகத்தின் முதலாம் பிரிவில்தான் இருக்கின்றன. வேல்ஸில் கிளைடாக் நிக்கல் சுத்திகரிப்பு ஆலையில் 1930க்கு முன்னர் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு மூக்கறையிலும் நுரையீரலிலும் வந்த புற்றுநோய்கள் மருத்துவ வரலாற்றில் பதிந்துபோனவை. அப்படியானால் சோதனை ஏன் மௌனமாக இருக்கிறது?

ஏனெனில் இவை டி.என்.ஏயை நேரே அடிப்பதை விட, அதைத் திருத்துகிறவர்களைச் செயலிழக்கச் செய்வதே அதிகம். நமது ஒவ்வொரு கலத்திலும் நாளொன்றுக்குப் பல்லாயிரம் சிறு சேதங்கள் தாமாகவே நேர்கின்றன. மூச்சில் வரும் ஒட்சிசனும், தோலில் விழும் வெயிலும், உடலின் சொந்த இரசாயனமுமே அதற்குப் போதும். அவற்றைக் கண்டுபிடித்து வெட்டி ஒட்டும் புரதங்கள் இரவு பகலாக வேலை செய்வதால்தான் நாம் இருக்கிறோம். பனையோலைக் கூரையை ஒருவர் வந்து பிய்க்க வேண்டியதில்லை. வேய்கிறவர் இரண்டு வருடம் வராமல் விட்டால் மாரி மழையே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

இந்தத் திருத்தும் புரதங்கள் பலவற்றில் துத்தநாக அயன் ஒன்றைச் சிஸ்ரீனின் கந்தக அணுக்கள் பிடித்து வைத்திருக்கும். அந்தப் பிடிதான் புரதத்துக்கு வடிவத்தைக் கொடுக்கிறது. கந்தகத்தின் மேல் ஆசனிக்குக்கும் கட்மியத்துக்கும் துத்தநாகத்தைவிட ஈர்ப்பு அதிகம். உள்ளே வந்து துத்தநாகத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும்போது புரதத்தின் வடிவம் கெடுகிறது, வேலை நிற்கிறது. கட்மியம் எழுத்துப் பிழை திருத்தும் முறையையே முடக்குகிறது என்பதை 2003 இல் மதுவக் கலங்களில் காட்டினார்கள். ஆசனிக்கு ஊதாக்கடந்த கதிரோடு சேரும்போது இன்னும் மோசம். வெயில் தரும் சேதத்தைத் திருத்தும் புரதங்களைத்தான் அது பிடிக்கிறது. வெயில் பட்ட எலிகளில், குடிதண்ணீரில் ஆசனிக்கும் கொடுத்தபோது தோற்கட்டிகள் கூடின.

நிக்கலின் வழி தனி. தண்ணீரில் கரையும் நிக்கல் உப்புகள் கலத்துக்குள் மெதுவாகத்தான் போகும், வெளியேயும் வந்துவிடும். கரையாத நிக்கற் சல்பைட்டுத் துணிக்கையையோ கலம் உணவை விழுங்குவதுபோல் முழுதாக விழுங்கிவிடும். உள்ளே அமிலம் நிறைந்த பைக்குள் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து நிக்கல் அயன்களைக் கருவின் அருகிலேயே விட்டுக்கொண்டிருக்கும். தண்ணீரில் கரையாது, ஆகவே ஆபத்தில்லை என்ற பொதுவான நம்பிக்கை இங்கே அடிபட்டுப் போகிறது. வெளியான நிக்கல், இரும்பை வைத்து வேலை செய்யும் நொதியங்களில் இரும்பின் இடத்தைப் பிடிக்கும். டி.என்.ஏ சுற்றியிருக்கும் புரதங்களிலிருந்து, பரம்பரையலகை அடக்கும் மெதைல் குறிகளை அகற்றும் நொதியங்கள் இவற்றுள் சில. அவை நின்றால், கட்டிகளை அடக்கி வைக்கும் பரம்பரையலகுகள் ஒரு எழுத்தும் மாறாமலே வாய்மூடிப் போகலாம். எழுத்து மாற்றத்தை மட்டும் தேடும் சோதனைக்கு இது அகப்படாது.

அதனால்தான் மனிதக் கலங்களையே எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. சில மில்லிலீற்றர் குருதியிலிருந்து நிணநீர்க்குழியங்களை எடுத்து, அவரை இனத்து விதையிலிருந்து பிரித்த ஒரு புரதத்தால் அவற்றைப் பிரியத் தூண்டி, உலோகச் சேர்வையைச் சேர்த்து, பிரிவின் நடுவில் நிறுத்தி நிறமூர்த்தங்களை எண்ணுவார்கள். 46 இருக்க வேண்டும். அந்த எண் உறுதியானதே 1956 இல்தான். பிரிவை நடுவில் நிறுத்த உலகெங்கும் பாவிக்கப்பட்ட பொருள் கொல்கிசீன். நமது வேலியோரங்களில் மாரியில் பூக்கும் கார்த்திகைப்பூவின் கிழங்கில் உள்ள நஞ்சும் அதுவேதான். நிறமூர்த்தங்களை இழுத்துச் செல்லும் நுண்குழாய்களை அது கட்டவிடாது. மெதைல் இரசமும் அதே நுண்குழாய்களைக் குழப்புகிறது, ஆகவே நிறமூர்த்தங்கள் தவறான பக்கம் போகின்றன.

இன்று அதிகம் கையாளப்படுவது நுண்கருச் சோதனை. 1985 இல் மைக்கேல் பெனெக்கும் அலெக் மோர்லியும் அதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். கரு இரண்டாகப் பிரிந்த பிறகு கலம் பிரியாமல் தடுத்தால், ஒருமுறை பிரிந்த கலத்தை இரட்டைக் கருவால் அடையாளம் காணலாம். அறுந்த துண்டோ வழிதவறிய முழு நிறமூர்த்தமோ பெரிய கருக்களில் சேராமல் பக்கத்தில் ஒரு சின்னக் கருவாக நிற்கும். அதற்குள் நிறமூர்த்த மையம் (பிரிவின்போது நுண்குழாய் பிடித்து இழுக்கும் இடம்) இருக்கிறதா என்று நிறமூட்டிப் பார்த்தால், அது அறுந்த துண்டா வழிதவறிய முழு நிறமூர்த்தமா என்பதும் விளங்கிவிடும். ஏம்ஸ் சோதனையில் மௌனமாக இருந்த ஆசனிக்கு இங்கே வெளிப்பட்டுவிடுகிறது.

குடாநாட்டில் கட்மியத்தைப் பற்றிப் பேசினால் புகையிலையைப் பேசாமல் போக முடியாது. யாழ்ப்பாணத்துப் புகையிலையும் சுருட்டும் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்களைத் தாங்கிய பயிரும் தொழிலும். மண்ணிலுள்ள கட்மியத்தை இலையில் சேர்த்து வைப்பது புகையிலையின் இயல்பு. எங்கே வளர்ந்தாலும் அப்படித்தான். பொஸ்பேற்றுப் பசளை அந்தக் கட்மியத்தை மண்ணுக்குக் கொண்டுவரும் வழிகளில் ஒன்று. நமது செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்பு இருப்பது ஒரு நன்மை: காரத்தன்மை கூடிய மண்ணில் கட்மியத்தைப் பயிர் குறைவாகவே உறிஞ்சும். உவர் ஏறிய மண்ணில் அந்த நன்மை தேய்ந்துவிடும், ஏனெனில் குளோரைட்டு அயன் கட்மியத்தோடு சேர்ந்து அதை வேருக்கு இலகுவாகக் கிடைக்கச் செய்யும். கிணறுகள் உவராகிக்கொண்டு போகும் கரையோரத் தோட்டங்களில் இதைக் கவனிக்க வேண்டும். இங்கேயும் வழிதான் கணக்கு. சாப்பாட்டில் வரும் கட்மியத்தில் குடல் எடுப்பது நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில்தான். புகையில் வருவதை நுரையீரல் அதைவிடப் பல மடங்கு எடுக்கும். புகைப்பவரின் உடலில் கட்மியம் புகைக்காதவருக்கு இருப்பதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சிறுநீரகத்தில் சேர்ந்தது பாதியாகக் குறையவே 10 முதல் 30 வருடம் ஆகும்.

நகைப் பட்டறைகளுக்கும் ஒரு வார்த்தை. கேடிஎம் நகை என்று தமிழர் எல்லோரும் அறிந்தது கட்மியம் கலந்த பொடியால் ஒட்டியதைத்தான். தரம் குறையாமல் இலகுவாக உருகும் என்பதால் அது பிடித்துப்போனது. கட்மியம் 767 பாகையில் கொதித்து ஆவியாகும். ஊதுகுழாய்ச் சுவாலை அதைத் தாண்டும். நகையைப் போடுகிறவருக்கு அதனால் ஆபத்தில்லை. ஊதி ஒட்டுகிறவர்தான் அந்த ஆவியை மூச்சில் எடுக்கிறார்.

சித்த மருந்துகளைப் பற்றி எழுதத் தயங்கினேன், ஏனெனில் இதில் இரண்டு பக்கமும் சத்தம்தான் அதிகம். இரசமும் பாஷாணமும் உள்ள மருந்தெல்லாம் நஞ்சு என்பது ஒரு பக்கம், சுத்தி செய்தால் ஒன்றும் செய்யாது என்பது மறுபக்கம். கைதடியில் சித்த மருத்துவம் படிப்பவர்கள் அறிவார்கள்: லிங்கம், பூரம், வீரம் மூன்றும் இரசத்தின் சேர்வைகள், ஆனால் மூன்றையும் முன்னோர் ஒன்றாகக் கொள்ளவில்லை. லிங்கம் இரசச் சல்பைட்டு, மிகக் குறைவாகவே கரையும். வீரம் நன்றாகக் கரையும், கடும் நஞ்சு. சேர்வையின் உருவுக்கு உரிய மரியாதை அந்த மரபில் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. வெள்ளைப் பாஷாணமான ஆசனிக்கு மூவொட்சைட்டு, ஒருவகைக் கடும் குருதிப் புற்றுநோயைக் குணமாக்கும் மருந்தாக இன்று உலக வைத்தியசாலைகளில் ஏற்றப்படுகிறது. அங்கே அளவு மில்லிகிராமில் நிறுக்கப்பட்டு, இதயத் துடிப்புத் தொடர்ந்து கண்காணிக்கப்படுகிறது. ஆசனிக்குச் சல்பைட்டான தாளகத்தைப் புடமிடும்போது காற்றில் ஒட்சியேறினால் ஒரு பகுதி அதே மூவொட்சைட்டாக மாறக்கூடும். மாறியதா இல்லையா என்பதைக் கண்ணோ நாக்கோ சொல்லாது. ஆகவே ஒவ்வொரு தொகுதி செந்தூரத்திலும் எந்தச் சேர்வை, எவ்வளவு, வயிற்று அமிலத்தில் எவ்வளவு கரைகிறது என்று அளந்து வெளியிட வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. அது மரபை அவமதிப்பதாகாது.

போரில் பாய்ந்த செல் (எறிகணை) துண்டை உடம்புக்குள் வைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள் நம்மிடையே ஏராளம். கர்ப்பமாகும்போதும், தலையிடி வந்தாலும், இந்த இரும்பு என்ன செய்யும் என்று கேட்கிறார்கள். பொதுவான எறிகணைகளின் ஓடு உருக்கு. உடல் அதைச் சுற்றி நார்த்திசுவால் மூடிவிடும். எலிகளின் தசையில் தங்குதன், நிக்கல், கோபாற்று கலந்த ஆயுதக் கலப்புலோகத்தைப் பதித்த அமெரிக்க ஆய்வொன்று 2005 இல் வெளிவந்தது. வேகமாகப் பரவும் கட்டிகள் உண்டாயின. அதே அளவு தந்தலம் பதித்த எலிகளில் உண்டாகவில்லை. அது வேறு கலப்புலோகம். அந்த முடிவைச் சாதாரண உருக்குத் துண்டோடு முடிச்சுப் போட்டு இரவில் நித்திரையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஈயக் குண்டு மூட்டுக்குள் இருந்தால் மட்டும் கதை வேறு: மூட்டுத் திரவம் ஈயத்தைக் கரைத்துக் குருதிக்கு அனுப்பும். குருதியில் ஈய அளவைப் பார்ப்பது ஒரு சாதாரணப் பரிசோதனை. எம்.ஆர்.ஐ. எடுக்க முன்னர் துண்டு இருப்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனெனில் உருக்கைக் காந்தம் அசைத்துவிடும்.

கிணற்றுக்கு வருவோம். பங்களாதேஷில் ஆசனிக்கு வந்த வழி, சேதனப் பொருள் நிறைந்த இளம் வண்டல் மண்ணில் ஒட்சிசன் தீர்ந்துபோக, இரும்பு ஒட்சைட்டோடு பிணைந்திருந்த ஆசனிக்கு அவிழ்ந்து தண்ணீருக்கு வந்தது. நமது சுண்ணாம்புக் கல் அமைப்பு அது அல்ல. அந்தக் கதையை அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாது. காற்றோட்டமுள்ள, காரத்தன்மையான தண்ணீரில் குரோமியம் சேர்ந்தால் அது ஆறாம் நிலையில் கரைந்து ஓடக்கூடியது என்பதுதான் இங்கே கவலை. தமிழ்நாட்டில் ராணிப்பேட்டைக் குரோமேற்றுக் கழிவுக் குவியல், ஆலை மூடிய பிறகும் நிலத்தடி நீரைக் கெடுத்துக்கொண்டிருப்பதை அங்குள்ளவர்கள் பல வருடமாகச் சொல்லி வருகிறார்கள். எனவே பட்டறையோ முலாம் பூசும் இடமோ அருகில் உள்ள கிணறு என்றால், மொத்தக் குரோமியத்தோடு அறுவலுக் குரோமியத்தையும் தனியாக அளந்து தரும்படி கேளுங்கள். மாதிரி எடுக்கும்போதே அதைச் சொல்ல வேண்டும். வழக்கமான உலோகப் பரிசோதனைக்கு நைத்திரிக்கமிலம் விட்ட போத்தலில் எடுப்பார்கள். அமிலத்தில் ஆறாம் நிலை மூன்றாம் நிலைக்கு இறங்கிவிடலாம், பிறகு தேடிப் பயனில்லை. காரத்தன்மையான தாங்கற் கரைசல் சேர்த்துக் குளிரில் வைத்து விரைவாகக் கொண்டு சேர்க்க வேண்டும்.

ஒரு நல்ல அறிக்கை இன்றைய தண்ணீரை மட்டுமே சொல்லும் என்பதும் நினைவில் இருக்கட்டும். சிலியின் அன்ரோபகஸ்ரா நகரம் 1958 இலிருந்து 1970 வரை லீற்றருக்கு 800 மைக்கிரோகிராமுக்கு மேல் ஆசனிக்கு உள்ள தண்ணீரைக் குடித்தது. இன்றைய எல்லை 10. சுத்திகரிப்பு நிலையம் வந்து அளவு இறங்கிப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரும் நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்கள் அங்கே மற்ற இடங்களைவிட அதிகமாக இருந்தன. கலத்தில் விழுந்த பிழை கட்டியாக வளர இவ்வளவு காலம் எடுக்கும். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையில் இன்று பதியப்படும் ஒரு நோயாளியின் தொழில் வரலாற்றைக் கேட்கும்போது, இருபது முப்பது வருடத்துக்கு முன்னர் அவர் எங்கே, என்ன செய்தார் என்று கேட்பது அதனால்தான் முக்கியம்.

அவ்வளவு காலம் காத்திருக்காமல் பார்க்க ஒரு வழி இருக்கிறது, அதுவும் நமது கைக்கெட்டிய வழி. கன்னத்தின் உட்புறத்தை ஒரு சிறு தூரிகையால் மெல்லச் சுரண்டினால் வரும் கலங்களில் நுண்கருக்களை எண்ணலாம். குருதி எடுக்க வேண்டாம், கலம் வளர்க்க வேண்டாம். நிறமூட்டியும் நல்ல நுணுக்குக்காட்டியும் பொறுமையாக ஆயிரக்கணக்கான கலங்களைப் பார்க்கப் பழகிய இரண்டு மூன்று மாணவர்களும் போதும். திருநெல்வேலியில் பல்கலைக்கழகம் இருக்கிறது, 1978 முதல் மருத்துவ பீடம் இருக்கிறது, சைக்கிளில் போகும் தூரத்தில் வெல்டிங் பட்டறைகள் இருக்கின்றன. துருவேறா உருக்கு ஒட்டுகிறவர்கள், சாதாரண இரும்பு ஒட்டுகிறவர்கள், இரண்டும் செய்யாத அதே வயது ஆண்கள் என்று மூன்று கூட்டமாக எடுக்கலாம். வயது ஏற நுண்கருக்களும் ஏறும், ஆகவே வயதைச் சரியாகப் பொருத்த வேண்டும். சுருட்டும் சிகரெட்டும் பிடிப்பவர்களைத் தனியாகக் கணக்கிட வேண்டும். வெற்றிலை பாக்குப் போடுகிறவர்களைக் கட்டாயம் பிரித்தே எண்ண வேண்டும், ஏனெனில் பாக்கு எந்த உலோகமும் இல்லாமலே கன்னக் கலங்களில் நுண்கருக்களைக் கூட்டிவிடும்.